வர்ணம் தெளிக்கும் அறையில் காற்று

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் இரும்பு பீரோவுக்கோ மோட்டார் சைக்கிள் டாங்கிக்கோ வர்ணம் தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடிக் காற்று செம்மண் புழுதியை வாரிவரும் நாளில் தெளிப்பவர் முதலில் செய்யும் வேலை, கதவைச் சாத்துவதுதான். ஈர வர்ணத்தில் தூசி ஒட்டினால் வேலை கெட்டதே! பீரோவின் பளபளப்புக்கு இது சரி. உள்ளே நிற்பவருக்கு?

வர்ணத்தை இளக்கும் தின்னரில் டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. தெளிக்கும் துப்பாக்கி வர்ணத்தை நுண்துளிகளாக்கும்போது அதன் புறப்பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. எனவே ஆவியாதலும் விரைவாக நிகழ்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 1 லிட்டர் டொலுவீன் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 230 லிட்டர் ஆவி உண்டாகும். காற்றில் இது சுமார் 1.2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். அதாவது 10 அடி நீளமும் 7 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறைக் காற்று முழுவதையும் தீப்பற்றும் கலவையாக்க அந்த ஒரு லிட்டரே போதும். பிறகு சுவிட்சைத் தட்டும்போது எழும் ஒரு சிறு பொறிதான் பாக்கி! தலைவலியும் கிறுகிறுப்பும் வருவதற்கோ இதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே போதும்.

டொலுவீனின் மூலக்கூறு எடை 92. காற்றின் சராசரி 29. ஆகவே அடர்ந்த ஆவி தரையோரம் தங்கும். கூரையருகே சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றைப் பொருத்திவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். அதன் மோட்டாரும் ஆவிப் பாதையிலேயே இருக்கிறது. மோட்டார் வெளியே இருந்து, பெல்ட்டின் மூலம் அலுமினிய இறக்கைகளைச் சுழற்றும் விசிறியே தேவை. கம்ப்ரெஸரும் சுவிட்சுகளும் கூட வெளியேதான் இருக்க வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும்? தெளிக்கும் இடத்தில் காற்று நிமிடத்துக்கு 100 அடி வேகத்திலாவது நகர வேண்டும் என்பது பொதுவான அளவு. 6 அடிக்கு 6 அடி வாயுள்ள கூடத்துக்கு, நிமிடத்துக்கு 3,600 கன அடி! இவ்வளவும் வெளியேற வேண்டுமானால் அவ்வளவும் உள்ளே வந்தாக வேண்டும். கதவைச் சாத்தினால் விசிறி சுழலும், காற்று நகராது. எதிர்ச் சுவரில் அகன்ற திறப்பு விட்டு வடிதுணி கட்டுங்கள். புழுதி நிற்கும், காற்று வரும். தெளிப்பவர் பொருளுக்கும் விசிறிக்கும் இடையே நிற்கலாகாது. காற்று முதலில் அவரைக் கடந்து, பிறகே வர்ணத்தைத் தொட வேண்டும். விசிறிக்கு முன் உள்ள வடிகட்டியில் படியும் டூகோ வர்ணத் தூள் தானே சூடேறிப் பற்றக்கூடும். கழற்றியதைத் தண்ணீரில் போட்டுவைப்பது நல்லது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது ஆவியைத் தடுக்காது. ஆவியை ஈர்ப்பது கிளர்வூட்டிய கரி. நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே அதைத் தயாரிக்கிறார்கள்! ஆனால் கார்களுக்கு அடிக்கும், கடினமாக்கி கலந்த இருகலவை வர்ணத்துக்கு அதுவும் போதாது. அதில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வர்ணத்தில் உள்ளது அதே பொருள் அல்ல, அவ்வளவு எளிதில் ஆவியாவதும் இல்லை. ஆனால் தெளிப்பு மூட்டத்தோடு நுரையீரலுக்குள் புகுந்து ஆஸ்துமாவை உண்டாக்கும். மணமும் எச்சரிக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று தரும் முகமூடி இல்லாமல் இதை வீட்டில் தெளிக்கவே கூடாது.

வெளியேறும் குழாயை அண்டை வீட்டுச் சன்னலை நோக்கி விடாமல் கூரைக்கு மேலே உயர்த்துங்கள். தெளித்து முடித்ததும் விசிறியை நிறுத்திவிடாதீர்கள். பீரோ காயும்வரை அதிலிருந்து ஆவி வந்துகொண்டேதான் இருக்கும்.