சீடி ஓடவில்லையா? எறிந்துவிடாதீர்கள்!

நிகாஹ் மஜ்லிஸ், பிள்ளையின் முதல் பெருநாள், மர்ஹூமாகிவிட்ட வாப்பாவின் குரல் - இவையெல்லாம் பல வீடுகளில் ஒரு சீடியிலோ டீவீடியிலோதான் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது. அதைக் கணனியில் போட்டதும் "இறுவட்டைச் செருகவும்" என்று திரையில் வந்தால் மனம் பதறுகிறது. "பழுதாகிவிட்டது" என்று எறிந்துவிடுகிறோம். அல்லது கடைக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். பெண்கள் பகுதிப் படங்கள் அடங்கிய வட்டை முன்பின் அறியாதவர் கையில் கொடுப்பது எவ்வளவு பாரதூரமானது என்பதைச் சகோதரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குற்றம் மூன்று இடங்களில் இருக்கலாம்: வட்டு, அதை வாசிக்கும் டிரைவ், படத்தைக் காட்டும் மென்பொருள். எதில் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் வட்டு

சப்ரகமுவ மழைப் பிரதேசம். தோட்டத்து லயன் வீடானாலும் டவுன் வீடானாலும் அலுமாரிக்குள் ஈரம் புகுந்துவிடும். 2003, 2017 மே மாத வெள்ளங்களில் இரத்தினபுரிப் பகுதியில் எத்தனையோ வீட்டுப் பொருட்கள் சேற்றில் கிடந்தன. வட்டில் சேறு இருந்தால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும். சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். வெறும் தூசியானால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். சீடியில் பதிவுப் படலம் பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தில் விழும் கீறலே அதிக ஆபத்து.

அடுத்தது டிரைவ்

வேறு இரண்டு மூன்று வட்டுகளைப் போட்டுப் பாருங்கள். எதுவுமே ஓடாவிட்டால் குற்றம் டிரைவில். கணனியில் டிரைவின் படமே தோன்றாவிட்டால் உள்ளே வயர் கழன்றிருக்கலாம். சீடி ஓடுகிறது, டீவீடி மட்டும் ஓடவில்லையா? இரண்டுக்கும் வெவ்வேறு லேசர் ஒளி வேண்டும். டீவீடிக்கான ஒளி மங்கியிருக்கலாம். அல்லது அது சீடி மட்டும் வாசிக்கும் பழைய டிரைவாக இருக்கலாம். யூஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் ஒன்றை உறவினரிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். மற்ற வட்டுகள் ஓடி, இது மட்டும் வெற்று வட்டு என்று காட்டினால், பதிந்தவர் பதிவை முறைப்படி முடித்து மூடாமல் விட்டிருக்கலாம். பதிந்த அதே கருவியில் அது திறக்கக்கூடும்.

கடைசியில் மென்பொருள்

பலரும் ஏமாறுவது இங்கேதான். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டீவீடி படம் காட்டும் வசதி விண்டோஸ் மீடியா பிளேயரில் இல்லை. வட்டும் நல்லது, டிரைவும் நல்லது. ஆனால் படம் வராது! டிரைவின் படத்தின் மேல் வலது பக்கம் அழுத்தி, 'ஓபன்' கொடுத்துப் பாருங்கள். 'வீடியோ டீஎஸ்' என்ற கோப்புறை தெரிந்தால் டிரைவ் வட்டை வாசிக்கிறது என்று பொருள். வீஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் 'ஓபன் டிஸ்க்' கொடுங்கள். பழைய வீசீடியானால் 'எம்பெக் ஏவி' கோப்புறைக்குள் இருக்கும் பெரிய கோப்பை வீஎல்சிக்குள் இழுத்து விட்டால் போதும்.

ஓடியதும் செய்ய வேண்டியது

படம் வந்த சந்தோஷத்தில் வட்டை மீண்டும் அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். வீட்டிலும் கடையிலும் பதியப்படும் வட்டுகளில் சாயப் படலம் இருக்கிறது; வெயிலிலும் ஈரத்திலும் அது கெடும். இன்று திறந்த வட்டு அடுத்த வருடம் திறக்கும் என்பது நிச்சயமில்லை. சாதாரண சீடி சுமார் 700 மெகாபைட், டீவீடி 4.7 கிகாபைட் கொள்ளும். 8 கிகாபைட் பென் டிரைவில் ஒரு டீவீடி முழுவதும் அடங்கும். கோப்புறையை அப்படியே பிரதி செய்யுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். மற்றொன்றை வெள்ளம் எட்டாத இடத்திலுள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள்.