ஏழு மணி நேரத்திற்கு ஓராண்டுத் திட்டம்

கேளிக்கைப் பூங்காவுக்கு முதன்முறையாகப் புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடு திட்டமிடத் தொடங்குகின்றன: நுழைவுச் சீட்டு எவ்வளவு? அதற்கு விடை கிடைத்ததும் திட்டம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். ஆனால், ஊர் திரும்பிய பின் செலவுகளைக் கூட்டிப் பார்த்தால் நுழைவுச் சீட்டு அதில் ஒரு பகுதியாகவே இருக்கும். பயணம், தங்குமிடம், உணவு, பூங்காவினுள் ஏற்படும் சில்லறைச் செலவுகள் ஆகியவை மற்றொரு பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கும். குறுகிய பயணத்தில் பணத்தைக் காட்டிலும் அரிதான பொருள் ஒன்றும் உண்டு. அது பகற்பொழுது. இவ்விரண்டையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் செல்லும் குடும்பமே மனநிறைவோடு திரும்புகிறது.

கணக்கு தெளிவாக விளங்க ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு நகரிலிருந்து மைசூரு சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், பிடதியை அடுத்து வொண்டர்லா பூங்கா அமைந்துள்ளது. 2000ஆம் ஆண்டு கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் முதல் பூங்காவைத் தொடங்கிய நிறுவனத்தார், 2005இல் இதனைத் திறந்தனர். பூங்காவை ஒட்டியே 2012இல் ஒரு தங்கும் விடுதியும் அமைக்கப்பட்டது. பூங்காவும் விடுதியும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதால், முதல் பயணத்திற்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

கையில் இருப்பது எத்தனை மணி நேரம்?

சாதாரண நாள்களில் பூங்கா காலை 11 மணியளவில் திறந்து மாலை 6 மணியளவில் மூடப்படுகிறது. விடுமுறை நாள்களில் இந்நேரம் சற்று நீளும். நீர் விளையாட்டுகளோ நண்பகலை ஒட்டித் தொடங்கிப் பூங்கா மூடுவதற்கு முன்பே நிறைவடைகின்றன. ஆக, நம் கையில் இருப்பது ஏழு மணி நேரம். அறுபதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளை அந்த ஏழு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது வீண் ஆசை. உணவுக்கும் உடை மாற்றுவதற்கும் ஒன்றரை மணி நேரம் போக, மீதமுள்ள நேரத்தின் பெரும்பகுதி வரிசையில் கழியும்.

ஆகவே, எந்த நாளில் செல்வது என்பதே முதல் முடிவாக இருக்க வேண்டும். கோடை விடுமுறையிலும், கர்நாடகத்தின் தசரா விடுமுறையிலும், தொடர்ச்சியாக மூன்று நாள்கள் விடுமுறை அமையும் வார இறுதிகளிலும் கூட்டம் மிகுதி. வார நாள்களில் கட்டணமும் குறைவு, வரிசையும் குறைவு. பிள்ளைகளுக்கு விடுமுறையும் ஊருக்கு வேலைநாளுமாக அமையும் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை கிடைத்தால் அதுவே நல்ல நாள். கூடுதல் கட்டணத்தில் கிடைக்கும் விரைவு வரிசைச் சீட்டு, கூட்டம் நிறைந்த நாளில் பயன்தரும். கூட்டமில்லாத நாளில் அதற்குச் செலவிடும் பணம் வீணே.

வயதைவிட உயரம் முக்கியம்

ரயிலிலும் பேருந்திலும் பிள்ளைகளின் கட்டணம் வயதைப் பொறுத்தது. இங்கோ உயரமே அளவுகோல். 85 சென்டிமீட்டருக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 140 சென்டிமீட்டர் வரை சிறார் கட்டணம். அதற்கு மேல் பெரியவர்களுக்கான கட்டணம். எனவே, பதினொரு வயதிலேயே உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு முழுக் கட்டணம் செலுத்த நேரும். அதற்கு ஈடாக, மிகுவேக விளையாட்டுகளில் ஏறும் தகுதி அப்பிள்ளைக்குக் கிடைத்துவிடும். அவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் 140 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று அடங்கியுள்ளது. அண்ணன் ஏறும் ஊர்தியில் தனக்கு இடமில்லை என்பதை ஐந்து வயதுத் தங்கை அளவுகோலின் முன் நின்றுதான் அறிய வேண்டும் என்றால், அந்த நாளின் மகிழ்ச்சி அங்கேயே குலைந்துவிடும். புறப்படுவதற்கு முன்பே வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தை அளந்து, யார் எதில் ஏறலாம் என்பதை அவர்களோடு சேர்ந்தே பட்டியலிடுங்கள். ஒருவர் மூத்த பிள்ளையோடு வரிசையில் நிற்கும்போது மற்றவர் இளைய பிள்ளையோடு சிறார் பகுதியில் இருக்கலாம். தாத்தா, பாட்டி உடன் வருவதாயின் மூத்த குடிமக்களுக்கான சலுகை உண்டா எனக் கேட்டு, வயதுச் சான்றை எடுத்துச் செல்லுங்கள். இதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் வேகமான விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

ஓர் இரவு தங்குவதென்றால் எந்த இரவு?

ஓர் இரவு மட்டுமே தங்க முடியும் என்றால், அது பூங்காவுக்கு முந்தைய இரவா, பிந்தைய இரவா? வெளியூரிலிருந்து பிற்பகலில் பெங்களூரு வந்து சேருவோர் முந்தைய இரவு தங்குவது நல்லது. மறுநாள் காலை களைப்பின்றிக் கதவு திறக்கும் நேரத்திலேயே உள்ளே நுழையலாம். காலை ரயிலில் வந்திறங்குவோருக்குப் பிந்தைய இரவே ஏற்றது. பெரும்பாலான விடுதிகளில் பிற்பகலில்தான் அறை கிடைக்கும் என்றாலும், பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு நேரே பூங்காவுக்குச் செல்ல இயலுமா என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். மாலையில் களைத்த பிள்ளைகளோடு 28 கிலோமீட்டர் நெரிசலில் நகருக்குத் திரும்ப வேண்டியதில்லை. மறுநாள் அதே சாலையில் மேலும் சென்று, மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சென்னபட்டணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

ரயிலில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பர் முதல் மாற்றப்பட்டுவிட்டது. எனவே, ரயில் இடம் உறுதியான பின்னரே, திரும்பப் பெற இயலாத நிபந்தனையுள்ள விடுதிப் பதிவையும் பூங்காச் சீட்டையும் வாங்குவது முறை. நகருக்குள்ளிருந்து செல்வோர், மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் அதன் மேற்கு முனையான சல்லகட்டா வரை சென்று, அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ பிடதியை அடையலாம்.

இருநூறு ரூபாயில் மாறும் வரி

அறை வாடகையில் பலரும் கவனிக்காத ஓர் எல்லைக்கோடு உண்டு. ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை இருப்பின், 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். ரூ.7,400 வாடகைக்கு வரி ரூ.370, மொத்தம் ரூ.7,770. வாடகை ரூ.7,600 ஆனால் வரி ரூ.1,368, மொத்தம் ரூ.8,968. வாடகையில் 200 ரூபாய் வேறுபாடு, கட்டும் தொகையில் 1,198 ரூபாய் வேறுபாடாக வளர்ந்துவிடுகிறது. அறையும் நுழைவுச் சீட்டும் சேர்ந்த தொகுப்பாக வாங்கும்போது, ஒவ்வொன்றின் விலையையும் வரியையும் பிரித்துக் காட்டுமாறு கேளுங்கள். தனித்தனியே வாங்குவதைவிட அது மலிவுதானா என்பது அப்போதுதான் தெரியும்.

சில விடுதிகள் அறை தரும்போது பற்று அட்டையிலோ கடன் அட்டையிலோ ஒரு தொகையைப் பிணையாக நிறுத்தி வைப்பதுண்டு. அறையைக் காலி செய்த பின்னரும் அது விடுபடச் சில நாள்கள் ஆகலாம். கணக்கில் இருப்புத் தொகையை மட்டாக வைத்துக்கொண்டு செல்வோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வர வேண்டும்?

நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இப்பயணத்தின் மொத்தச் செலவு ரூ.24,000 என வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.2,000 வீதம் 12 மாதத் தொடர் வைப்பில் செலுத்திவந்தால், ஆண்டு வட்டி 6 சதவீதம் என்ற கணக்கில் முதிர்வின்போது ஏறத்தாழ ரூ.24,790 கையில் இருக்கும்.

அதே தொகையைக் கடன் அட்டையில் செலவிட்டுப் பின்னர் மாதம் ரூ.2,000 வீதம் செலுத்துவதாகக் கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் ரூ.840, அதன்மீது 18 சதவீத வரி ஏறத்தாழ ரூ.151. ஆக, செலுத்திய இரண்டாயிரத்தில் கிட்டத்தட்டப் பாதி அசலைத் தொடாமலே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, நிலுவை இருக்கும் வரை புதிதாக வாங்கும் மளிகைப் பொருளுக்கும் வட்டியில்லாச் சலுகைக் காலம் கிடைக்காது. கடன் அட்டையைப் பயன்படுத்தவே கூடாது என்பதன்று. பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அட்டையில் செலவிட்டு, உரிய தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுவோருக்கு அது நல்ல கருவியே.

தொடர் வைப்பில் வேறொரு நன்மையும் உண்டு. ‘அடுத்த ஆண்டு போகலாம்’ என்று பிள்ளைகளிடம் சொல்லும் சொல்லுக்கு அது ஒரு சான்றாக அமைகிறது. மாதந்தோறும் கணக்கு வளர்வதைப் பார்க்கும் பிள்ளை, சேமிப்பு என்பதன் பொருளைப் பாடப்புத்தகம் இன்றியே கற்றுக்கொள்கிறது.

முன்பதிவில் விழிப்பு

பூங்கா, விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்களும் போலி வாடிக்கையாளர் சேவை எண்களும் உலவுகின்றன. பாதி விலையில் சீட்டு என்று வரும் இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து செல்லுங்கள். தேடலில் முதலில் தோன்றும் தொலைபேசி எண் உண்மையானது என்று நம்பிவிடாதீர்கள். ரத்து செய்த தொகையைத் திருப்பி அனுப்புவதாகக் கூறி யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்பவர் மோசடிக்காரரே. ரகசிய எண் பணம் அனுப்புவதற்குத் தேவை; பெறுவதற்குத் தேவையில்லை. பணம் பறிபோனதாகத் தெரிந்தால் ஒரு கணமும் தாமதியாமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

பூங்காவினுள்

நீர் விளையாட்டுகளில் பருத்தி உடைக்கு அனுமதியில்லை. நைலான் போன்ற செயற்கை இழை உடைகளை ஊரிலேயே வாங்கிச் சென்றால் அங்கு வாங்கும் செலவு மிச்சமாகும். வெளி உணவுக்கும் அனுமதியில்லை என்பதால் காலை உணவை வயிறார உண்டு செல்வது சிக்கனம். கைபேசி பெட்டகத்தில் இருக்கும் நேரத்திலும் செலவு வரலாம். சிறிது ரொக்கம் வைத்திருங்கள். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் சுமக்காமல், ஒன்றை மட்டும் எடுத்துச் சென்று அதன் செலவு வரம்பை வங்கிச் செயலியில் குறைத்து வைப்பது பாதுகாப்பு.

மும்பை–புனே விரைவுச்சாலையை அடுத்துள்ள இமேஜிகாவுக்கோ ஹைதராபாத்தின் ராமோஜி திரைப்பட நகருக்கோ சென்றாலும் கணக்கு இதுவே. விதிகளும் கட்டணங்களும் மட்டும் மாறும், அவற்றைப் பதிவுக்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் கட்டாயம் வேண்டும் என்று விரும்பும் இரண்டு விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். எஞ்சியவை அனைத்தும் ஊதியமே. மாலையில் கதவு மூடும்போது பார்க்காதவை பல இருக்கலாம். கட்ட வேண்டிய கடன் மட்டும் எதுவும் இருக்காது.