வேகமும் பெறுமதியும்: அமெரிக்க உதைபந்தாட்டத் தெரிவுமுறை பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிலே பல்கலைக்கழக அணிகளில் ஆடிய இளைஞர்களைத் தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. தேசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 1936இல் தொடங்கிய ஏற்பாடு இது. முந்திய ஆண்டில் பின்தங்கிய கழகம் முதலில் தெரிவு செய்யும். தெரிவு செய்யப்பட்ட இளைஞன் அக்கழகத்துடனேயே தனது முதல் ஒப்பந்தம் பற்றிப் பேசுதல் வேண்டும். தொழிலாளி தனது முதலாளியைத் தேர முடியாத இத்தகைய சந்தையில் அவனது பெறுமதி எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பது விளையாட்டு இரசிகர்க்கு மட்டும் உரிய வினா அன்று. விரைந்தோடும் ஆட்டக்காரரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை நோக்குவோம்.

இவ்வாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டத்தினின்றும் வேறானது. றகர் ஆட்டத்தைப் போல நீள்வட்டப் பந்தைக் கையாண்டு ஆடப்படுவது. களத்தின் ஓரப்பகுதியில் நின்று, முன்னோக்கி ஓடி, எறியப்படும் பந்தைப் பிடிப்பவர் 'வைட் ரிசீவர்' எனப்படுவார். அவரை ஈண்டு பந்தேந்துநர் என்போம். தெரிவுக்கு முன்னர் நிகழும் சோதனை முகாமில் இவர்கள் 40 யார் தூரத்தை, அதாவது 36.58 மீற்றரை, ஓடிக் காட்டுவர். 1987இல் இந்தியானாபொலிஸ் நகருக்கு மாறிய இம்முகாமில், மற்றெந்தச் சோதனையையும் விட இவ்வோட்டமே பெருங்கவனத்தைப் பெற்றுவந்துள்ளது.

2017ஆம் ஆண்டு முகாமில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜோன் ரொஸ் இத்தூரத்தை 4.22 செக்கனில் ஓடினார். அம்முகாமில் அதுவரை பதிவான நேரங்களுள் அதுவே மிகக் குறைந்தது. சின்சினாட்டி பெங்கால்ஸ் கழகம் அவரை ஒன்பதாவது தெரிவாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் கூப்பர் கப் 4.62 செக்கனில் ஓடினார். ஒப்பீட்டளவில் சிறிய போட்டிப் பிரிவொன்றிலே 428 தடவை பந்தைப் பிடித்தவர் அவர். லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் கழகம் அவரை எடுத்தபோது 68 பேர் ஏற்கெனவே தெரிவு செய்யப்பட்டிருந்தனர்.

ரொஸ் 2021ஆம் ஆண்டுப் பருவம் வரை தொழில்முறை ஆட்டத்தில் பிடித்த பந்துகள் 62. கப் தமது முதலாவது பருவத்திலேயே பிடித்தவை 62. 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் கப் 145 பந்துகளைப் பிடித்து 1,947 யார் தூரம் ஈட்டினார். 2022 பெப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியில் அவரது கழகம் சின்சினாட்டியை 23–20 என வென்றது. அதன் சிறந்த ஆட்டக்காரராகவும் அவரே தெரிவானார். ரொஸ் அப்போது சின்சினாட்டியில் இருக்கவில்லை.

இதிலிருந்து வேகம் பயனற்றது என்று முடிவு செய்வது தவறாகும். 4.22 செக்கனில் ஓடுபவர் எல்லையை அடையும்போது 4.62 செக்கனில் ஓடுபவர் ஏறத்தாழ நான்கு யார் பின்னே நிற்பார். காவலரைக் கடந்து பந்தை ஏந்த இவ்விடைவெளி தாராளமாகப் போதும். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பொப் ஹேய்ஸ் 1965இல் டலஸ் கௌபோய்ஸ் கழகத்தில் ஆட வந்தார். அவரைத் தனியொருவராற் காக்க இயலாமையால், ஆளைக் காப்பதை விடுத்துப் பரப்பைக் காக்கும் முறையை எதிரணிகள் நாடின என்பர். விரைவோடி ஒருவர் பந்தைத் தொடாமலே காவலரைப் பின்னிழுத்துத் தம் தோழர்க்கு வெளியை உண்டாக்கவும் கூடும். பிடிகளின் எண்ணிக்கையில் இவ்வுழைப்புத் தென்படுவதில்லை.

அவ்வாறாயின் கடிகாரம் எதனை மறைக்கிறது? சோதனையோட்டம் நேர்கோட்டில், தலைக்கவசமும் தோட்காப்பும் இன்றி, எதிராளி இன்றி, ஓடுபவர் தாம் விரும்பிய கணத்திற் புறப்பட நிகழ்வது. ஆட்டத்திலோ தொடக்கக் கோட்டிலேயே காவலர் நெஞ்சிற் கைவைத்துத் தடுப்பார். அத்தடையை மீறும் கைத்திறனும் காலடியும் வேண்டும். வேகத்தைத் திடீரெனக் குறைத்துத் திரும்பும் ஆற்றல் இன்னும் இன்றியமையாதது. நிற்கத் தெரியாத விரைவோடியின் திருப்பத்தைக் காவலர் முன்கூட்டியே உணர்ந்துகொள்வார். எதிரணியின் அமைப்பைக் கணத்திற் படித்தறிதல், தோளுக்கு மேலால் வரும் பந்தைக் கண்ணால் தொடர்தல், மோதலின் நடுவே கைநழுவாது பிடித்தல் என்பனவும் உள. இவையனைத்தும் நீண்டகாலப் பயிற்சியால் விளைவன.

உடல்நிலையும் கருதத்தக்கது. முழங்காற் காயத்தால் 2015ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் இழந்தவர் ரொஸ். 2016இல் மீண்டு வந்து, எறியப்பட்ட பந்தைப் பிடித்தே 17 தடவை எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி ஈட்டியவர். தொழில்முறை ஆட்டத்திலும் காயங்கள் அவரைத் தொடர்ந்தன. எனவே அவரது குறைவான பேற்றைத் திறமைக் குறைவாக மட்டும் காண்பது நீதியன்று. அவரைத் தெரிந்தோர் அவ்வோட்ட நேரத்தோடு இவ்வரலாற்றையும் சேர்த்தே எடைபோட்டிருத்தல் வேண்டும்.

மதிப்பீட்டின் பிழை யாரைச் சாரும் என்பதே இங்கு அடிப்படையான கேள்வி. 2011ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின் பின் புதியவரின் ஊதியம் பெரும்பாலும் தெரிவு வரிசையாலேயே வரையறுக்கப்படுகிறது. கடிகாரத்தாற் பின்தள்ளப்பட்டவர் அதே உழைப்புக்குப் பல ஆண்டுகள் குறைந்த கூலி பெறுகிறார். முன்தள்ளப்பட்டவர் பணம் பெறினும், தாம் நிர்ணயிக்காத எதிர்பார்ப்பின் பழியைச் சுமக்கிறார். கழகத்துக்கு அடுத்த ஆண்டும் தெரிவு உண்டு. இளைஞனுக்கோ அது ஒருமுறையே. 1968இல் இருந்த வடிவில் இத்தெரிவுமுறை வர்த்தகப் போட்டியைக் கட்டுப்படுத்தும் சட்டமீறல் என 1978இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஆயினும் தொழிற்சங்கத்துடனான கூட்டு ஒப்பந்தத்தின் நிழலில் அது நிலைத்துள்ளது.

அளக்க எளியதை அளந்துவிட்டு, அளந்ததையே முழுப்பெறுமதி எனக் கொள்வது நமது காலத்தின் பொதுவான மயக்கம். பரீட்சைப் புள்ளியால் மாணவரையும் உற்பத்தி எண்ணிக்கையால் தொழிலாளரையும் கணிப்போர்க்கும் இது பொருந்தும். விரைவோடியைச் சரிவர மதிப்பிட விரும்புவோர் கடிகாரத்தை எறிந்துவிட வேண்டியதில்லை. ஆனால் அது காட்டும் எண்ணை விடையாகக் கொள்ளாது, தேடலின் தொடக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். ஆட்டத்தின் நடுவே, தடையின் முன்னே, பந்து வரும் கணத்தில் அவ்வேகம் என்னவாகிறது என்பதை அவர்கள் களத்திலேயே காண வேண்டும்.