சுவரில் விரிசல்... தெருவில் பள்ளம்!

“பார்த்து இறங்குங்க... தலையில இடிச்சிக்கப் போறீங்க!”

அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. “நான் கல்யாணமாகி வந்தப்போ மூணு படி ஏறணும். ரோடு போடப் போட ஒவ்வொரு படியா முழுங்கிடுச்சு. இப்போ ரெண்டு படி இறங்கணும்” என்றார் அந்த வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டியவர். பேச்சுக்கு நடுவே இருமல். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கிடந்தது. அவருடைய கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சுவர் இருக்கிறதா? ‘பொங்கலுக்கு வெள்ளையடிச்சா சரியாயிடும்’ என்று விட்டு வைத்திருக்கிறீர்களா?

ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கடல் என்று இருக்கிற ஊர் அரியாங்குப்பம். காற்றிலும் மண்ணிலும் உப்பு உண்டு. தெரு உயர்ந்து வீடு பள்ளமானால் மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தில் தேங்கும். செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். காங்கிரீட் வீடு என்றால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஈரச் சுவரில் பூஞ்சை வளர்ந்தால் ஆஸ்துமாவும் இருமலும் அதிகமாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. ஆக, அந்த அம்மாவின் இருமலுக்கு சிரப் மட்டும் வாங்கிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

‘எத்தனை வருஷமா நிக்குது, இப்பவா விழப்போகுது?’ என்பீர்கள். பாண்டிச்சேரி கடற்கரையில் சுமார் 140 வருஷம் நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் பொலபொலவென்று சரிந்ததே! அதே தோற்றத்தில் மறுபடி கட்டி, 2021-ல்தான் திறந்தார்கள். பழசுதான் விழும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் ஆட்டுப்பட்டியில் கிரகப்பிரவேசம்கூட ஆகாத புத்தம்புது மாடி வீடு, பக்கத்தில் வாய்க்கால் வேலை நடந்தபோது அப்படியே சாய்ந்தது. அதே வருஷம் மார்ச் 31 அன்று மரப்பாலம் வசந்த் நகரில், வாய்க்கால் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மேல் மதில்சுவர் விழுந்து 5 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அரியாங்குப்பத்திலிருந்து பாண்டிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது அந்த இடம்.

எனவே, உங்கள் தெருவில் சாக்கடை கட்டப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்றால், வெளியே போய் உங்கள் சுவரை ஒரு தடவை பாருங்கள். படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு திடீரென்று இறுக்குவது, கூரையிலிருந்து பூச்சு உதிர்வது, சடசடவென்று சத்தம்... இதெல்லாம் வீடு கொடுக்கும் எச்சரிக்கை. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பெரிதாகத் திறந்தாலோ சத்தம் கேட்டாலோ, கோடு போடவெல்லாம் நேரமில்லை. வெளியே வந்துவிடுங்கள். 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்து தரைமட்டமானது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்ததும் எல்லோரும் வெளியேறியிருந்தார்கள். பீரோ, நகை, ரேஷன் கார்டு எல்லாம் உள்ளே போயிற்று, மனிதர்கள் மிஞ்சினார்கள்.

யாரிடம் சொல்வது? அரியாங்குப்பம் என்றால் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர். நகரத்துக்குள் என்றால் நகராட்சி ஆணையர். ‘நம்ம வீட்டைப் பத்தி நாமே எழுதிக் கொடுத்தா இடிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிடுவாங்களே’ என்ற பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது இரட்டைப் பயம். ஆனாலும் எழுதுங்கள். சீர்செய்தால் போதுமா, இடிக்கத்தான் வேண்டுமா என்று இன்ஜினியர் வந்து பார்க்கக் கேளுங்கள். ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்றும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அதன் மரியாதையே தனி!

சரி, பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள். என்ன செய்வது? கண்ணுக்குத் தெரியும் தூசி தும்மலோடு போகும். கண்ணுக்குத் தெரியாத மணல்தூசிதான் நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். தண்ணீர் அடித்துக்கொண்டே இடிக்கச் சொல்லுங்கள். வற்புறுத்திக் கேட்பது தப்பே இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் அந்த ஒன்றிரண்டு நாள் உறவினர் வீட்டில் இருக்கட்டும். முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டால் போதாது, ‘என்-95’ மாஸ்க் வேண்டும். வீட்டைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் கடப்பாரையால் உடைக்க விடாதீர்கள். அதன் இழை நுரையீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகும். நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டைக் கோழிக்கூண்டுக்கு எடுத்து வைக்கும் பழக்கமும் வேண்டாம்!

அடுத்தது தண்ணீர். தெருவைத் தோண்டும்போது குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால் வீட்டோடு எல்லோருக்கும் வயிற்றுப்போக்குதான். காரைக்காலில் 2022-ல் காலரா பரவி, சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். வேலை முடியும்வரை தண்ணீரைக் கொப்புளம் வரக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நிறமோ வாடையோ மாறினால் சமையலுக்கும் வேண்டாம், உடனே புகார் செய்யுங்கள். சம்ப்பின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். பள்ளத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் கொசு வளரும். மூடச் சொல்லி நச்சரியுங்கள்.

அந்த அம்மாவின் கட்டிலை அன்றைக்கே நானும் அவர் பேரனும் சேர்ந்து எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டோம். “மனு எழுதிக் குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். “நகல்ல சீல் வாங்க மறந்துடாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு படி ஏறித் தெருவுக்கு வந்தேன்.