ஒரு நொடிக் கதிரும் ஐந்து வார நடையும்

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,



அண்மையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, "கரண்ட் வைக்க" நாள் குறித்திருந்தார்கள். "ஐயா, ஒரே நொடியில் முடிகிற புரோட்டான் சிகிச்சை வருகிறதாமே! அதுவரை பொறுத்திருக்கலாமா?" என்று கேட்டார். நம் டாக்டர்களிடம் விசாரித்து அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

புரோட்டான் என்பது என்ன?

வழக்கமான எக்ஸ்ரே கதிர் உடம்பை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். கட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள நல்ல திசுக்களும் அதனால் பாதிக்கப்படும். புரோட்டான் அப்படியல்ல. அது அணுவின் கருவிலுள்ள துகள். குறித்த ஆழம் வரை சென்று, நிற்கப்போகும் இடத்தில் தன் ஆற்றலை மிகுதியாகக் கொட்டிவிடும். அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றும் போகாது. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். 1954-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்கு அது கொடுக்கப்பட்டது. அதே 1954-இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் நம் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 2019 ஜனவரியில் தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் அதுவே முதலாவது.

"ஃபிளாஷ்" என்பது என்ன?

சகோதரர் கேள்விப்பட்டது இதைத்தான். கதிரின் அளவை "கிரே" என்று சொல்வார்கள். வழக்கமான இயந்திரம் ஒரு நிமிடத்துக்குச் சில கிரே கொடுக்கும். ஃபிளாஷ் முறையில் ஒரு நொடிக்கே 40 கிரேவுக்கு மேல் பாய்கிறது. 2014-இல் பாரிஸின் கியூரி ஆய்வகத்தார், இவ்வளவு வேகமாகக் கொடுத்தபோது எலிகளின் நல்ல நுரையீரல் பெருமளவு காக்கப்பட்டதையும், கட்டி மட்டும் வழக்கம்போல் அழிந்ததையும் கண்டார்கள். காரணம் விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

2018-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் 75 வயதான ஒருவரின் தோல் கட்டிக்கு எலக்ட்ரான் கதிரால் 15 கிரே கொடுத்தார்கள். எடுத்த நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. புரோட்டானைக் கொண்டு மனிதரில் முதல் ஆய்வு 2020 நவம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கியது. கை கால் எலும்புகளுக்குப் புற்று பரவி வலியால் வருந்திய 10 பேருக்கு ஒரே தடவை 8 கிரே கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி, கொடுத்த 12 இடங்களில் 8-இல் வலி குறைந்தது.

இது நல்ல செய்தியே. ஆனால் அந்த ஆய்வில் புரோட்டான் உடம்புக்குள் நிற்கவில்லை. ஊடுருவி மறுபக்கம் சென்றது. ஆழத்தில் நிறுத்துவதையும் இந்த வேகத்தையும் ஒன்றுசேர்ப்பது கடினம். மேலும், கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிவதால், தவறு நேர்ந்தால் நடுவில் நிறுத்த வழியில்லை. மார்பகப் புற்றுக்கு இது இன்னும் சிகிச்சையாகவில்லை, ஆராய்ச்சியாகவே இருக்கிறது. ஆகவே, "ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், குறித்த தேதியில் அம்மாவை அழைத்துச் செல்லுங்கள்" என்று சொன்னேன். அவர்களும் சென்றார்கள்.

ஏழைக்கு இதில் என்ன?

கதிரைப் பல நாட்களாகப் பிரித்துக் கொடுப்பது ஏன் தெரியுமா? இடையில் நல்ல திசு ஆறுவதற்காக. ஃபிளாஷ் நல்ல திசுவைக் காப்பது மனிதரிலும் உறுதியானால், நாட்களே குறையலாம். என் மனம் இங்கேதான் நிற்கிறது.

செய்யூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய்க்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. நாம் கண்டுபிடித்து, கதிர் சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், 25 நாள். மூன்றாம் வாரம் வருவதை நிறுத்திவிட்டார். மருந்துக்குப் பணமில்லை என்பதால் அல்ல. பஸ் செலவும், விட்டுப்போன கூலியும், தங்க இடமில்லாததும்தான். நடுவில் நின்றால் எஞ்சிய நோய் மறுபடி வளரும். நம் ஊழியர் வீடு தேடிச் சென்று அழைத்துவந்தார்கள். உங்கள் காணிக்கையால் அறையும் சாப்பாடும் கொடுத்தோம். மீதி நாட்களை முடித்தார்.

நாட்களைக் குறைக்கும் இயந்திரம் ஒருநாள் வரலாம். அதுவரை அந்த நாட்களைச் சுமப்பது நம்முடைய பங்கு. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்ததோடு போய்விடவில்லை. சத்திரக்காரனுக்குச் செலவும் கொடுத்தான்.

ஜெபிக்க வேண்டியவை: சிகிச்சையை நடுவில் விட்டவர்கள் திரும்பி வர, ஆராய்ச்சியாளருக்குத் தேவன் ஞானமும் பொறுமையும் தர, நோயாளிகளின் தங்கும் செலவுக்கான நிதி சந்திக்கப்பட.

உங்கள் ஊழியன்,
மருத்துவமனைப் போதகர்