ககரம் முதலில், கொம்பு பின்னால்

1988-இல் திறக்கப்பட்ட கேலாங் ஈஸ்ட் பொது நூலகமும், ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து எம்ஆர்டி ரயில் பணிக்காக இடம்பெயர்ந்து 1993-இல் கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2-இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயிலும், அவற்றைச் சூழ்ந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளும், வயதான கால்களுக்கும் எட்டக்கூடிய தொலைவிலேயே அமைந்திருப்பதால், ஓய்வுபெற்ற ஒருவருடைய நாள் எப்படிக் கழிகிறது என்பதை ஆராய விரும்புவோருக்குக் கேலாங் வசதியான ஒரு களமாகும். சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதைக் கடந்துவிட்டார். 2030-இல் அது நால்வரில் ஒருவராகும் என்று அரசு கணித்திருக்கிறது. 2022-இல் 63 ஆக உயர்த்தப்பட்ட ஓய்வு வயது 2026 ஜூலையில் 64 ஆகிறது என்றாலும், அதற்குப் பின்னரும் இருபது ஆண்டுகள் வாழ்வது இந்நாட்டில் இன்று இயல்பான செய்தி. இந்த நீண்ட காலத்தை முன்னிட்டே 2023-இல் 'ஏஜ் வெல் எஸ்ஜி' என்னும் தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டு, பத்தாண்டுகளுக்கு 350 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டு, புளோக்குகளின் கீழ்த்தளங்களில் இயங்கும் துடிப்பாக மூப்படைதல் நிலையங்களின் எண்ணிக்கையை 220 ஆக உயர்த்தும் இலக்கும் வைக்கப்பட்டது.

இந்நிலையங்களிலும் சமூக மன்றங்களிலும் நடப்பவற்றைப் பட்டியலிடுவது எளிது: நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும் உடற்பயிற்சி, சேர்ந்து உண்ணல், கரோக்கே, கைவினை, கைப்பேசி வகுப்பு, சுற்றுலா. இவையெல்லாம் ஒரே வகையான நன்மையைத் தருகின்றனவா, அன்றி இவற்றுள் மூளைக்கு உண்மையில் உழைப்பைத் தருபவை சிலதானா என்பதே அறிவியல் எழுப்பும் கேள்வி. பொழுது போனால் போதும் என்று எண்ணி அமைக்கப்படும் நிகழ்ச்சி நிரலுக்கும், மூளையின் இயல்பை அறிந்து அமைக்கப்படும் நிகழ்ச்சி நிரலுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

கூடியிருத்தலின் மதிப்பைப் பற்றி ஐயம் கிடையாது. ஜூலியான் ஹோல்ட்-லுன்ஸ்டாட் தலைமையில் 148 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரையும் ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான தொகுப்பாய்வு, வலுவான உறவுகள் உடையவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு மிகுதி என்று கண்டது. சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, தம்மைத் தனிமையானவராக உணரும் 60 வயதினர், அவ்வாறு உணராதவர்களைவிடச் சராசரியாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் குறைவாகவே வாழ எதிர்பார்க்கலாம். இங்கே அளக்கப்பட்டது தனியாக வசிப்பது அன்று, தனிமை என்னும் உணர்வு; மகன் வீட்டில் நிறைந்த குடும்பத்தின் நடுவே இருப்பவருக்கும் அது இருக்கக்கூடும்.

லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த 'வைட்ஹால்' ஆய்வின் 2019-ஆம் ஆண்டு முடிவு இவ்விடத்தில் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது. அறுபது வயதில் நண்பர்களை ஏறக்குறைய நாள்தோறும் சந்தித்தவர்களுக்குப் பிற்காலத்தில் முதுமை மறதிநோய் வரும் வாய்ப்பு, ஓரிரு நண்பர்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் கண்டவர்களைவிட 12 விழுக்காடு குறைந்திருந்தது. உறவினர்களுடனான சந்திப்பில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கையில் அப்பாவுக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்பவர்கள், நண்பரைப் பார்க்கச் செல்வதற்கு உடை மாற்ற வேண்டும், நேரம் குறிக்க வேண்டும், முன்பு பேசியதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதையும், வீட்டில் இவை எதுவும் தேவைப்படுவதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மறதிநோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் மெல்ல மெல்ல விலகத் தொடங்கிவிடுகிறார். ஆகவே, வெளியே செல்லாததால் நோய் வந்ததா, நோயின் முதல் நிழல் விழுந்ததால் வெளியே செல்வது குறைந்ததா என்பதைப் பிரித்தறிவது கடினம். அதே வைட்ஹால் ஆய்வின் 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை, நடுவயதின் ஓய்வுநேரச் செயல்பாடுகளுக்கும் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வரும் மறதிநோய்க்கும் தொடர்பு காணவில்லை. நோய்க்கு முந்திய ஆண்டுகளில் செயல்பாடு குறைந்ததையே கண்டது. இதிலிருந்து நிலையப் பணியாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: வாரந்தோறும் தவறாமல் வந்தவர் ஒருவர் காரணம் சொல்லாமல் வருவதை நிறுத்தினால், அவரைத் தேடிச் செல்ல வேண்டும்.

பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளின் இந்தக் குறையைத் தாண்டுவதற்கு, பங்கேற்பவர்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு குழுக்களில் சேர்த்து ஒப்பிடும் சோதனைகள் உதவுகின்றன. அவற்றுள் மிகவும் தெளிவான ஒன்று டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பார்க் நடத்திய 'சினாப்ஸ்' திட்டம். 60 முதல் 90 வயதுவரையிலான 221 பேர் மூன்று மாதங்கள், வாரத்துக்குச் சராசரியாகப் பதினாறு மணி நேரம் ஈடுபட்டார்கள். சிலர் டிஜிட்டல் புகைப்படக்கலையையோ துணிகளை ஒட்டித் தைக்கும் மெத்தைவிரிப்புக் கலையையோ இரண்டையுமோ புதிதாகக் கற்றார்கள். வேறு சிலர் அதே அளவு நேரம் ஒன்றுகூடி, முன்பே தெரிந்தவற்றைக் கொண்டு விளையாடியும் உரையாடியும் சமைத்தும் மகிழ்ந்தார்கள். கற்றவர்களிடம், குறிப்பாகப் புகைப்படம் கற்றவர்களிடம், 'நிகழ்வு நினைவு', அதாவது எது எங்கே எப்போது நடந்தது என்பதை மீட்டெடுக்கும் திறன், மேம்பட்டது. மகிழ்ந்திருந்த குழுவினரிடம் அந்த மேம்பாடு அவ்வளவு காணப்படவில்லை. சிங்கப்பூரில் 55 வயதைத் தாண்டிய 1,635 சீனர்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வும், இது பின்தொடர்ந்து பார்த்த வகையைச் சேர்ந்ததே என்றாலும், அதே திசையைக் காட்டியது: உடற்பயிற்சியையும் கூட்டங்களையும்விட, ஏதேனும் ஒன்றை ஆக்குகிற செயல்களே அறிவாற்றல் சரிவுக்கு எதிராக வலுவான தொடர்பு கொண்டிருந்தன.

இதற்கான விளக்கத்தை யாக்கோவ் ஸ்டெர்ன் வளர்த்தெடுத்த 'அறிவாற்றல் சேமிப்பு' என்னும் கருத்து தருகிறது. பிரேதப் பரிசோதனைகளில், மறதிநோய்க்குரிய புரதப் படிவுகள் மூளையில் நிறைந்திருந்தும் வாழ்நாளில் தடுமாற்றமின்றி இருந்தவர்கள் பலர் கண்டறியப்பட்டார்கள். ஒரு சாலை அடைபட்டால் மாற்றுப் பாதை அறிந்த ஓட்டுநர் ஊர் போய்ச் சேர்வதுபோல, பல வழிகளில் இணைப்புகளை வளர்த்துக்கொண்ட மூளை சேதத்தைச் சுற்றிக்கொண்டு செல்கிறது என்பதே கருத்து. புதிய வழி வெட்டப்படுவதற்குப் பழைய வழி போதாமற்போக வேண்டும். இலேசானதை மீண்டும் மீண்டும் செய்வது வெட்டிய வழியிலேயே நடப்பதுதான்.

கேலாங்கில் நாள்தோறும் நடக்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். 2020-இல் தொடங்கிய 'சீனியர்ஸ் கோ டிஜிட்டல்' இயக்கத்தைத் தொடர்ந்து, சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்குக் கைப்பேசிப் பயன்பாடு கற்பிக்கப்படுகிறது. அறுபது ஆண்டுகளாகத் தமிழைக் கையால் எழுதிவந்த ஒருவர், கைப்பேசியில் முதன்முறையாகக் 'கேலாங்' என்று தட்டெழுத முயல்கிறார் எனக் கொள்வோம். தாளில் அவர் கை முதலில் இரட்டைக் கொம்பை எழுதும். ககரம் அதற்குப் பின்னரே வரும். கைப்பேசியிலோ ககரத்தை முதலில் தட்டி, கொம்பைப் பின்னால் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்ததும் கொம்பு தானாகவே தாவி எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும். 'கோ' என்று எழுதினால் இன்னும் விநோதம்: தாளில் கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகப் பிரிந்திருந்தது, திரையில் ஒரே குறியாக இருபுறமும் வந்து அணைத்துக்கொள்கிறது. கொம்புள்ள ஒவ்வொரு எழுத்திலும் அவருடைய கை முந்திக்கொண்டு கொம்பைத் தேடுகிறது; அதை நிறுத்தி வைத்து, சொல்லை ஒலியாக மனத்தில் பிடித்துக்கொண்டு, விசையைக் கண்ணால் தேட வேண்டியிருக்கிறது. பழகிய செயலை அடக்கும் இவ்வாற்றலை உளவியலாளர் 'தடுத்தாளும் திறன்' என்றும், சொல்லைப் பிடித்துவைக்கும் ஆற்றலைச் 'செயல்படு நினைவு' என்றும் அழைப்பர். இவ்விரண்டும் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் புறணியைப் பெரிதும் சார்ந்தவை. முதுமையில் முதலில் தளர்பவற்றுள் அடங்குபவை. பேத்திக்கு ஒரு வரி வாழ்த்து அனுப்ப அரை மணி நேரம் ஆயிற்றே என்று அவர் சலித்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரமே அவருடைய மூளைக்குக் கிடைத்த உழைப்பு. பொறுமை இழந்து கைப்பேசியை வாங்கித் தாங்களே தட்டிக் கொடுத்துவிடும் அன்பான பிள்ளைகள் அதனை அவரிடமிருந்து பறித்துவிடுகிறார்கள்.

மொழியும் இத்தகைய உழைப்பே. கேலாங் சிராய் சந்தையில் விலை கேட்கும் முதிய தமிழர் மலாயில் பேரம் பேசி, தமிழில் கணக்குப் பார்த்து, ஆங்கிலத்தில் நன்றி கூறிப் புறப்படுவது அவர் தலைமுறைக்குப் பள்ளி தராத பயிற்சி. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோருக்கு மறதிநோய் அறிகுறிகள் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியதைக் காட்டியது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இத்தாமதம் இருந்தது. நலமாக இருப்பவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் இப்பயன் அவ்வளவு தெளிவாக வெளிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சேர்ந்து பாடுவதையும் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் ஃபெங் லெய் குழுவினர் 93 மூத்தோரைப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சேர்ந்திசையும் மறுபிரிவுக்கு நலக் கல்வியும் இரண்டாண்டுகள் அளித்தபோது, இரண்டு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே பயன் கிட்டியது. பாட்டு தோற்றது என்று இதைப் படிப்பதைவிட, வாரந்தோறும் வந்து புதியதைக் கற்றது இரு பிரிவுக்கும் பொது என்று படிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றை இணைத்து 1,260 பேரிடம் நடந்த ஃபின்லாந்தின் 'ஃபிங்கர்' சோதனையும், அதன் வழியில் இங்கே தொடங்கப்பட்ட 'சிங்கர்' சோதனையும், எந்த ஒன்றும் தனித்து நின்று காக்காது என்னும் புரிதலில் எழுந்தவை.

இத்தனைக்கும் அடிப்படையான ஒன்று பெரும்பாலும் மறக்கப்படுகிறது: காது. 2024-ஆம் ஆண்டின் லான்செட் ஆணைய அறிக்கை, தவிர்க்கக்கூடிய 14 காரணிகளைக் களைந்தால் உலகின் மறதிநோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. அவற்றுள் செவித்திறன் குறைபாட்டின் பங்கு 7 விழுக்காடு, சமூகத் தனிமையின் பங்கு 5 விழுக்காடு. காங்கிரீட் கூரையும் சுவர்களும் எதிரொலிக்கும் கீழ்த்தளத்தில், மின்விசிறிகள் சுழல, ஒலிபெருக்கி அலற நடைபெறும் நிகழ்ச்சியில், காது மந்தமானவர் சிரிப்பு எழும்போது தாமும் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வராமலிருந்துவிடுகிறார். சிறு அறையில் எட்டுப் பேர் வட்டமாக அமர்வது இதற்கு மலிவான மருந்து.

கேலாங்கின் தமிழ் மூத்தோருக்குக் கூடுதலான ஓர் இடர் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழைப் பெரிதும் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினரே. ஆதலால் ஒரு புளோக்கின் நிலையத்தில், ஹொக்கியனும் மாண்டரினும் ஒலிக்கும் மேசையில், தமிழ் பேசுபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் கோயிலும் நூலகமும் தமிழில் கூடும் வாய்ப்பைத் தருகின்றன, அது இன்றியமையாதது. ஆனால் வீட்டுக்குக் கீழே உள்ள அந்த மேசையை விட்டுக்கொடுப்பதும் இழப்பே. அங்கே பார்வையாளராக அமராமல், கற்பிப்பவராக அமர்ந்தால் நிலைமை மாறும். 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் வெல்லா தொடங்கிய 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' பேராசிரியர்கள் மூத்தோருக்குக் கற்பிக்கும் முறையில் அமைந்தது. பிரிட்டனில் பீட்டர் லாஸ்லெட்டும் நண்பர்களும் எண்பதுகளின் தொடக்கத்தில் அதனை மாற்றி, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்கும் முறையை வகுத்தார்கள். பால்டிமோரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 15 மணி நேரம் உதவிய மூத்தோரின் மூளையை இரண்டாண்டுகள் படமெடுத்துப் பார்த்தபோது, குறிப்பாக ஆண்களிடம், நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்குவதற்கு மாறாகச் சற்று வளர்ந்திருந்தது.

இப்படிக் கற்பிப்பவராக அமர்வதற்கு எடுத்துக்காட்டாகப் பூக்கட்டுதலை எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டுகளாகச் சாமிக்கு மல்லிகை தொடுத்துவரும் மூதாட்டி, காம்புகளை மாற்றி மாற்றி வைத்து நூலைச் சுழற்றி முடிச்சிடுவதைப் பேசிக்கொண்டே, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்வார்; அது 'செயல்முறை நினைவு', சொல்லின் துணையின்றிக் கையில் வாழும் அறிவு. பக்கத்து வீட்டுச் சீன மாதும் எதிர் வீட்டு மலாய் மாதும் கற்றுத்தரச் சொல்லி அருகில் அமரும்போது, தம் விரல்கள் என்ன செய்கின்றன என்பதை அவர் வாழ்நாளில் முதன்முறையாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. விரைவைக் குறைக்கிறார், குறைத்ததும் முடிச்சு நழுவுகிறது, மீண்டும் தொடங்குகிறார். எந்த விரல் நூலைப் பிடிக்கிறது, எது வளையத்துக்குள் நுழைகிறது என்று பார்த்து, அதற்கு மலாய்ச் சொல்லைத் தேடுகிறார். 'இக்காட்' என்றால் கட்டு என்பது நினைவிருக்கிறது. இறுக்காமல் கட்டு, இறுக்கினால் காம்பு அறுந்துவிடும் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஒரு காம்பை இறுக்கி அறுத்தே காட்டுகிறார்.