துளை வாள்: பெரிய துளைக்குக் கதி குறைவது ஏன்?

மாணவர்களே! ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தொழிற்சாலைகளில் காணும் கறையில் உருக்குத் தகட்டில் 35 மி.மீ. குழாயைச் செலுத்த வட்டத் துளை தேவை எனக் கொள்வோம். இதற்குரிய கருவி, பட்டறையில் ‘ஹோல் சோ’ எனப்படும் துளை வாளாகும்.

இதன் பல்நுனிகள் தங்ஸ்தன் காபைட்டாலானவை. காபைட்டுத் துணிக்கைகளைக் கோபாற்று பிணைத்து வைத்திருக்கும். இது சூட்டிலும் வன்மை இழக்காது. ஆயினும் நொறுங்கும் இயல்புடையது. வன்மை வேறு, அதிர்ச்சி தாங்கும் தன்மை வேறு.

கணித்தல்:
ஒரு சுற்றில் பல் செல்லும் தூரம் = π × விட்டம்.
வெட்டற் கதி நிமிடத்துக்கு 22 மீற்றர் எனின்,
35 மி.மீ. வாள்: 22000 ÷ (22/7 × 35) = 200 சுற்று/நிமிடம்
70 மி.மீ. வாள்: 22000 ÷ (22/7 × 70) = 100 சுற்று/நிமிடம்

விட்டம் இரு மடங்காகும்போது சுற்றுகளின் எண்ணிக்கை பாதியாகும். “பெரிய துளைக்குக் கூடிய கதி” என எழுதுவோர் புள்ளியை இழப்பர். பட்டறையில் அவ்வாறு செய்வோர் பல்லையே இழப்பர்.

கவனிக்க:
1. தகட்டை இறுக்கிப் பொருத்துக.
2. நடுவிலுள்ள துளையலகு முதலில் துளையிடட்டும்.
3. வாளைச் சாய்க்காது, சீராக அழுத்துக. சுத்தியல் இயக்கம் கூடாது.
4. உருக்குக்கு வெட்டும் எண்ணெய் இடுக.
5. பாதுகாப்புக் கண்ணாடி அணிக. கையுறையும் தளர்ந்த சட்டைக் கையும் சுழலும் வாளில் சிக்கும்.

நினைவிற் கொள்க: விட்டம் கூடினால் சுற்று குறையும்.